ஒரு கறவை மாடும் ஒரு சின்னக் காரும்

மம்சாபுரம் விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஒண்ணரை ஏக்கர் தென்னை, முக்கால் ஏக்கர் காய்கறி, மூணு பசு இருக்கு. எழுபத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு ஒரு நானோ கார் வருது. ஒரு மாட்டை வித்துட்டு வாங்கிரலாமா?"

வெள்ளை ஈ, குரும்பை உதிர்தல், பயிர்க் காப்பீடு என்று வரும் கேள்விகளுக்கு நடுவில் இப்போது இதுமாதிரியும் வருகிறது. வாங்கலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு வரிக்குள் தினமும் எட்டு லிட்டர் கறக்கும் ஒரு மாடு நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மலையைப் பார்த்து உள்ளே போனால் மம்சாபுரம். அவருடைய தோப்பு அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். வீட்டில் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எழுபது வயதைத் தாண்டிய தாயார். தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரைப் பார்த்து வர வேண்டும். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த அம்மாவால் பஸ் படி ஏற முடியவில்லை.

கேள்வியில் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ராத்திரி ஒரு மணிக்கு அவருடைய தகப்பனாருக்கு நெஞ்சுவலி வந்தது. 108-க்குப் போன் போட்டார். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். காத்திருக்க மனசு பொறுக்கவில்லை. பைக்கில் நடுவில் அப்பாவை உட்காரவைத்து, பின்னால் பக்கத்து வீட்டுப் பையன் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அன்றைக்குக் கார் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நனையாமல், படுத்தபடி போயிருப்பார். மகனுக்கு இதுதான் ஆறவில்லை.

நானோ கார் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். மழையில் ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் போவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாட்டா பலமுறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10-ம் தேதி டெல்லி வாகனக் கண்காட்சியில் அந்தக் காரைக் காட்டினார்கள். 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று ஊரெல்லாம் பேச்சு. வரியும் மற்றதும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டியது என்றாலும், உலகத்திலேயே விலை குறைந்த கார் அதுதான். இரண்டு லட்சத்துக்கு மேல் முன்பதிவு ஆகி, முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள்.

அந்தக் காருக்கு முதலில் தொழிற்சாலை கட்டிய இடம் மேற்கு வங்காளத்தில் சிங்கூர். விவசாயிகள் மறந்துவிடக் கூடாத பெயர் இது. 2006-ல் அங்கே ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரை அரசு கையகப்படுத்திக் கொடுத்தது. நெல்லும் உருளைக்கிழங்கும் விளைந்த மண். நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், குத்தகைக்காரர்கள். போராட்டம் முற்றியதால் 2008 அக்டோபரில் கம்பெனி குஜராத்தில் சானந்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்ட் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நிலமெடுப்பே செல்லாது, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் கான்கிரீட் போட்ட மண்ணைத் திரும்ப வயலாக்குவது எவ்வளவு பாடு என்பது, செங்கல் சூளை போட்ட நிலத்தை வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும். சிறு குடும்பத்துக்காகச் செய்த காருக்கு முதல் கல்லே சிறு விவசாயியின் வயலில் விழுந்தது பெரிய முரண்தான்.

சானந்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்ய ஏற்பாடு. எந்த ஆண்டிலும் விற்பனை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2018-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆரம்ப நாட்களில் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி பெயரைக் கெடுத்தது உண்மை. ஆனால் பெரிய காரணம் வேறு. 'மலிவான கார்' என்ற பேர் ஒட்டிக்கொண்டதுதான் கேடு என்று ரத்தன் டாட்டாவே பின்னால் ஒப்புக்கொண்டார். கல்யாண மண்டப வாசலில் இறங்கும்போது, இருக்கிறதிலேயே மலிவான வண்டியில் வந்தவன் என்று நாலு பேர் நினைப்பதை நம் ஊரில் யார் விரும்புவார்? அதே காசுக்குப் பழைய மாருதி 800 வாங்கிவிடுவார்கள். 1983-ல் வந்த வண்டி அது, முப்பது வருடம் ஓடியது. சைக்கிள் கடைக்காரர்கூட அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்திருப்பார்.

சரி, மம்சாபுரத்துக்கு வருவோம். புரோக்கர் கொண்டுவந்த நானோ 2012-ல் பதிவான வண்டி. "அண்ணாச்சி, ஒரே ஓனர். டாக்டர் வீட்டு வண்டி. நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார். டாக்டர் வீட்டு வண்டி என்று சொல்லாத புரோக்கர் ராஜபாளையத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இல்லை. விவசாயி அதை ராஜபாளையத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் முதலில் கேட்டது இன்ஜினை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை.

அதுதான் சரி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்கு. 2012 வண்டிக்கு 2027-ல் முடிகிறது. அதற்குப் பிறகு ஓட்ட வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு அதற்கு 600 ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். பசுமை வரி தனி. வண்டியைத் தேற்றிக் காட்டுவதற்கு ஆகும் பெயிண்ட், தகர வேலை, டயர் செலவு அதைவிடப் பெரிது. இன்றைக்கு மலிவாக வருகிற நானோக்களில் பெரும்பாலானவை இந்த 15 ஆண்டு முடியப்போகிற வண்டிகள்தான். மலிவுக்குப் பாதிக் காரணம் அதுவே.

பிறகுதான் மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். நானோவில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. 624 சி.சி., இரண்டே சிலிண்டர். எடை ஏறத்தாழ அறுநூறு கிலோ. டவுனுக்குள் ஓட்ட இதைவிடச் சுகமான வண்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் ஆடிப்பூரத்துக்குத் தேர் நிற்கும் நாளில்கூட எங்கேயாவது நுழைத்துத் திருப்பிவிடலாம். உயரமான ஆள் உட்கார்ந்தாலும் தலை இடிக்காது. முதியவர்கள் குனியாமல் ஏறலாம், இறங்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தரையிலிருந்து உயரமும் 180 மில்லிமீட்டர் இருக்கிறது. பழைய ஆல்ட்டோவைவிட அதிகம்.

குறை தோட்டத்துப் பாதையில் தெரியும். சக்கரம் 12 அங்குலம்தான். கல் பரவிய வண்டிப்பாதையில் குழிக்குள் இறங்கினால் பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடும். சின்னச் சக்கரம் இடித்து நிற்கும். முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு கிடையாது. அந்த அளவுகளை இப்போது கடையில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். இன்ஜினுக்குக் காற்று போகிற வாய் பின்சக்கரத்துக்கு முன்னால், பக்கவாட்டில். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்தால் தோப்புக்குப் போகும் வழியில் ஓடை முழங்கால் அளவுக்கு வந்துவிடும். பைக்கை உருட்டிக் கடக்கலாம், காரை முடியாது. இது நானோவுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. எந்தச் சின்னக் காரும் ஓடைத் தண்ணீரில் இன்ஜினுக்குள் நீர் ஏறி நின்றால், ஒரு மாட்டு விலை போய்விடும்.

"டவுன் வண்டிண்ணே இது. ஒங்க தோப்புக்கு இது சொகப்படாது" என்றார் மெக்கானிக். பார்த்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்கள் ஐந்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துப் பார்த்தது. நானோ, ஆல்ட்டோ 800 இரண்டும் அதில் இருந்தன. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை போகிற ரோட்டில் சபரிமலை சீசனில் ராத்திரி எப்படி வண்டி ஓடுகிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பைக்கில் நாலு பேர் போவதைவிடச் சின்னக் கார் மேல். அதற்காக அதில் எண்பதில் போகலாம் என்று அர்த்தம் இல்லை. நாற்பது, ஐம்பதில் ஓட்டுகிற வண்டி அது. பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும்.

விவசாயி வீட்டில் கார் என்றால் அடுத்த கேள்வி: மூட்டை ஏறுமா? நானோவில் ஏறாது. முதலில் வந்த வண்டிகளில் பின்கதவே திறக்காது. பின்சீட்டை மடக்கி, உள்ளே தலையை விட்டுத்தான் சாமானை எடுக்க வேண்டும். 2015-ல் வந்த மாடலில்தான் பின்கதவு திறந்தது. திறந்தாலும் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை வைத்தால் இடம் முடிந்தது. கீழே இன்ஜின் சூடு வேறு. பால் கேனை அங்கே வைத்தால் சொசைட்டிக்குப் போவதற்குள் திரிந்துவிடும்.

இதில் விசேஷம், இதே கம்பெனி நானோவுக்கு நாலு வருடம் முன்னால், 2005-ல், டாட்டா ஏஸ் என்று ஒரு வண்டியை விட்டது. அதற்கும் இரண்டே சிலிண்டர்தான், டீசல். நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பேர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். தேங்காய், வாழைத்தார், தண்ணீர் கேன், ஆடு, கல்யாணச் சீர், கோயிலுக்குப் போகும் சனம் (இது சட்டப்படி தப்பு, ஆனாலும் நடக்கிறது) எல்லாம் அதில் போயின. ஒன்று அந்தஸ்துக்காக வாங்கச் சொன்ன வண்டி, அந்தஸ்தைக் கொடுக்கவில்லை. இன்னொன்று வேலைக்காக வாங்கிய வண்டி, வேலை செய்தது. மாருதி ஆம்னியும் அப்படித்தான். 1984-ல் வந்தது, 2019 வரை ஓடியது. சீட்டைக் கழற்றினால் பூக்கூடை வண்டி, மாட்டினால் குடும்ப வண்டி.

வெளிநாட்டிலும் இதைச் சரியாக யோசித்தவர்கள் உண்டு. பிரான்சில் சித்ரோவன் கம்பெனி 1930-களில் ஒரு காருக்குத் திட்டம் போட்டபோது, வடிவமைப்பவர்களுக்குச் சொன்ன நிபந்தனை இது: இரண்டு விவசாயிகளும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. 1948-ல் டூ-சிவி என்று வெளிவந்த அந்தக் கார் பார்க்கத் தகரக் குடிசை மாதிரி இருக்கும். 1990 வரை செய்தார்கள். ஜப்பானில் 660 சி.சி.க்கு மிகாத, 3.4 மீட்டர் நீளத்துக்கு மிகாத சின்ன லாரியை நெல் விவசாயி வீடுதோறும் பார்க்கலாம். 350 கிலோ ஏற்றலாம். வயல் வரப்பை ஒட்டிய பாதை அகலத்துக்கு வண்டி, வண்டிக்காகப் பாதை அல்ல.

நம் ஊரில் கார் விற்பவர்கள் பாதையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

மெக்கானிக் சொன்ன பிறகும் விவசாயிக்கு ஆசை விடவில்லை. தோப்புக்கு பைக் இருக்கிறது, காரை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், அம்மாவுக்காக என்றார். அவர் மனைவி மறுத்துப் பேசவில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, "ஏங்க, போன தைப் பொங்கல்ல இருந்து இந்தப் பொங்கல் வரைக்கும் எத்தனை தடவ வெளியூரு போனோம், சொல்லுங்க, எழுதுவோம்" என்றார்.

எழுதினார்கள். மதுரைக்கு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு நடை. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, இருக்கன்குடி கோயில், மகனைக் கல்லூரியில் விட்டது என்று குடும்பத்தோடு போனது பதினான்கு. மதுரைக்குப் போய்வர வாடகைக் கார், காத்திருப்போடு 3,000 ரூபாய் என்று வைத்தால் 36,000. பதினான்கு நடைக்கு 900 வீதம் 12,600. மொத்தம் 48,600 ரூபாய். இதைப் பார்த்ததும், "பாத்தியா, இதுல ஒண்ணரை வருசத்துல கார் வாங்கிரலாம்" என்றார் விவசாயி. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

காரை வாங்கினால் ஆகும் செலவை அடுத்த பக்கத்தில் எழுதினார்கள். 75,000 ரூபாய் வண்டி ஐந்து வருடம் கழித்து 20,000-க்குப் போனால் வருடத்துக்குத் தேய்மானம் 11,000. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 2,094 ரூபாய். வரி, ஓட்டுநர் விபத்துக் காப்பீடு சேர்த்து 3,000 என்று வைக்கலாம். பதிவு புதுப்பிக்கும் செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் 2,000. டயர், பேட்டரி பங்கு 5,000. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு ரிப்பேர், ஆயில் எல்லாம் சேர்த்து 15,000 ஒதுக்காவிட்டால் அது கணக்கே இல்லை. ஆக, வண்டி வாசலை விட்டு நகராமலே 36,000 ரூபாய்.

அப்புறம் பெட்ரோல். மதுரை போய்வர 160 கிலோமீட்டர் வீதம் பன்னிரண்டு நடைக்கு 1,920. மற்ற பதினான்கு நடைக்கு 840. கார் இருந்தால் சும்மா இருக்காது. ராஜபாளையத்தில் பரோட்டா சாப்பிட, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க என்று ஒரு 1,500 கிலோமீட்டர் ஓடும். மொத்தம் 4,260 கிலோமீட்டர். கம்பெனி சொன்ன மைலேஜை விட்டுவிட்டு லிட்டருக்கு 18 என்று வைத்தால், லிட்டர் 102 ரூபாய் விலையில் 24,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 60,000. வாடகையைவிட 11,400 ரூபாய் அதிகம்.

மாட்டை இன்னும் எழுதவில்லை. எட்டு லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்றால் நாளைக்கு 280. தீவனம், மருந்து, உலர்தீவனம் போக 120 ரூபாய் நிற்கும். வருடத்தில் 270 நாள் கறவை என்றால் 32,400 ரூபாய். சாணியையும் கன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வருமானமும் போகும். இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 44,000 ரூபாய் அளவுக்கு இழப்பு.

கணக்கைப் போட்டு முடித்த பிறகு அந்த அம்மா, மாமனார் இறந்த தேதியை ஒரு வரியாகக் கீழே எழுதி, எதிரில் தொகை போடாமல் விட்டார். அதற்கு என்ன தொகை போடுவது? இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. திண்ணையிலிருந்து தாயார்தான் சொன்னார்: "எய்யா, எனக்காண்டி மாட்ட வித்துராத. அது ஒங்க அப்பா புடிச்சிட்டு வந்த மாட்டோட கன்னு."

மாட்டை விற்கவில்லை. உள்ளூரில் மஞ்சள் போர்டு வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் என்று பேசினார்கள். அதே மருத்துவமனைக்குப் போகும் பக்கத்துத் தெரு முதியவர் ஒருவரும் சேர்ந்துகொண்டதால் வாடகை பாதியாகிவிட்டது. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று பேசி, அதற்காக மாதம் ஒரு சிறு தொகை தனியாகக் கொடுக்கிறார்கள். இது புத்திசாலித்தனமான செலவு. நடுராத்திரி நெஞ்சுவலிக்கு வேண்டியது கார் மட்டும் இல்லை, கை நடுங்காமல் ஓட்டுகிற ஆளும் வேண்டும். பெற்ற தகப்பன் பின்சீட்டில் கிடக்கும்போது மகன் ஓட்டுவது அவ்வளவு உசிதம் இல்லை.

இதே கணக்கு எல்லா வீட்டுக்கும் இதே விடையைத் தராது. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு குடும்பம். நடக்க முடியாத பையனை வாரம் இரண்டுமுறை இயன்முறை சிகிச்சைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போக வேண்டும். வருடத்துக்கு 104 நடை. நடைக்கு 800 ரூபாய் என்றால் 83,200. சொந்தக் காரில் 40 கிலோமீட்டர் போய்வரப் பெட்ரோல் வருடத்துக்கு 23,600 ரூபாய். வண்டி நின்றபடி தின்கிற 36,000-ஐக் கூட்டினாலும் மிச்சம் 23,000-க்கு மேல். அவர்கள் பழைய ஆல்ட்டோ வாங்கினார்கள், சரியான முடிவு. அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளிலும் அந்தப் பையனின் சிகிச்சை நிற்கவில்லை. காரைப் போலத்தான் பவர் டில்லரும். வருடத்தில் எத்தனை நாள் ஓடும் என்று கேட்காமல் வாங்கினால், மானியத்தில் வாங்கினாலும் நஷ்டம்.

வாங்கிய காரை அவ்வப்போது வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடும். பிறகு நிலத்தை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டிவரும்.

பேட்டரிக் கார் பற்றியும் கேட்கிறார்கள். 2023-ல் எம்ஜி காமெட் என்று ஒன்று வந்திருக்கிறது. மூன்று மீட்டர்கூட நீளம் இல்லை. இரண்டு கதவு, நாலு பேர், சாமான் வைக்க இடம் இல்லை. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற ஏறத்தாழ 17 யூனிட். 230 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது, ஏ.சி. போட்டு ஓட்டினால் அவ்வளவு வராது. வாரம் நாலு நாள் டவுனுக்குப் போகிறவருக்குச் சரி, முன் வாசலில் ஏறக் கஷ்டப்படும் முதியவரைப் பின்சீட்டில் ஏற்ற லாயக்கில்லை. பம்புசெட் இலவச மின்சாரத்தில் சார்ஜ் போடுகிற யோசனை யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிட வேண்டும். இணைப்பையே துண்டித்துவிடுவார்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள், பணம் கொடுக்கும் நாளிலேயே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் பேங்கிலிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "பெறவு பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்கிற புரோக்கரிடம் பாதிப் பணத்தை நிறுத்திவைத்தால், அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து முடித்துக் கொடுப்பார். கால்மிதியைத் தூக்கி அடித்தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது.

வீட்டில் கார் வந்த பிறகு விவசாயிகள் செய்கிற ஒரு காரியம் கவலை தருகிறது. கடையிலிருந்து பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்களைப் பின்சீட்டில் போட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பிள்ளைகளையும் வைத்து ஓட்டிவருகிறார்கள். பைக்கில் காற்றோடு போய்விடும் நெடி, மூடிய காருக்குள் சுற்றிச் சுற்றி மூச்சில் ஏறும். ஒரு டப்பா கசிந்தால் சீட்டுப் பஞ்சு அதைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும். மருந்து வாங்கப் போகும்போது பைக்கே நல்லது. அதேபோல் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா பாக்கெட்டுகளை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு ஜவுளிக் கடைக்குள் போகக் கூடாது. மூடிய கார் சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி. உள்ளே இருக்கிற நுண்ணுயிர் செத்துப்போகும். நிலக்கடலை விதையின் முளைப்புத் திறனும் குறையும். பிறகு மருந்து சரியில்லை, விதை சரியில்லை என்பார்கள்.

நிறுத்துகிற இடமும் முக்கியம். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் பேட்டரி இறங்கும், அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது. நாலு நாளைக்கு ஒருமுறையாவது மெயின் ரோடு வரை ஓட்டி வர வேண்டும். கிளப்புமுன் வண்டிக்குக் கீழே நாய் படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தென்னை மரத்தடியில் நிழல் இருக்கிறது என்று ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சின்னக் காரின் கூரைத் தகடு மெல்லியது. நாற்பதடி உயரத்திலிருந்து விழுகிற நெற்றுத் தேங்காய்க்கு, மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு பைசா வராது.